புனேத் தமிழர்களே, ஒரு மலையேற்ற கிளப்பில் சேருங்க!

நம்ம ஊர்க்காரர்கள் புனேக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். ராஜ்கட் கோட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். எந்த மாலில் பார்க்கிங் இலவசம் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூட சொல்வார்கள். அஞ்சு நாள் ஆணி புடுங்குவது, சனிக்கிழமை மால், ஞாயிற்றுக்கிழமை மாவரைப்பது, வருஷத்துக்கு ரெண்டு தடவை சங்கத்தில் பொங்கல், தீபாவளி. இதுக்கு நாம திருநெல்வேலியிலேயே இருந்திருக்கலாம். சம்பளம் கம்மியானாலும் அல்வாவாவது நல்லா இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஊரில் இருக்கும்வரை, குடும்பத்தோடு ஒரு உள்ளூர் மலையேற்ற கிளப்பில் உறுப்பினர் ஆகுங்கள். கவனிக்க, 'ட்ரெக் போங்கள்' என்று நான் சொல்லவில்லை. அதைத்தான் இப்போ எல்லாரும் செய்கிறார்களே! போனில் ஒரு அருவிப் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பி, ராத்திரி பஸ் ஏறி, முன்பின் தெரியாத நாற்பது பேரோடு ஹரிஹர் கோட்டைப் படிக்கட்டில் க்யூவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு வருவது. அது வெறும் பஸ் டிக்கெட். கூட்டிப்போகும் பையனுக்கு உங்கள் பேரும் தெரியாது, உங்கள் மனைவிக்கு முட்டிவலி என்பதும் தெரியாது.

மணாலி போனவர்கள் சோலாங்கில் ஸ்னோ ஸ்கூட்டர் ஏறியிருப்பீர்கள். ஒருவர் ஓட்ட, பின்னால் தொற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு, போட்டோ, முடிந்தது. கனடாவில் ஒன்டாரியோ பக்கம் அதே வண்டிக்கு ஊர் ஊராகக் கிளப் இருக்கிறது. பனிப்பாதையைப் போடுவது, சமன் செய்வது, பலகை நடுவது எல்லாம் உறுப்பினர்கள் சேர்ந்து பார்க்கும் வேலை. நாம எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஒரு ரவுண்டோடு திருப்திப்பட்டுவிடுகிறோம் என்பதுதான் என் எரிச்சல்.

கிளப் என்றால் கூடவே படிப்பு. மாசக்கணக்காக ஞாயிறு காலையில் சின்ஹகட் ஏற வைப்பார்கள். மூச்சு வாங்காமல் ஏறும் அறுபது வயது காகா ஒருவர் கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்லித் தருவார், தப்பாகப் போட்டால் மராத்தியில் திட்டுவார். இந்த ஊர் கிளப்புகளை லேசாக எடைபோடாதீர்கள். புனேயின் கிரிப்ரேமி 2012-இல் எவரெஸ்ட் உச்சிக்கு 8 பேரையும், 2019-இல் கஞ்சன்ஜங்கா உச்சிக்கு 10 பேரையும் ஏற்றிய அமைப்பு. உங்களை யாரும் எவரெஸ்டுக்கு இழுக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் அந்த அனுபவம் புழங்கும் ஊரில் இருந்துகொண்டு நாம் யூட்யூப் பார்த்து ஷூ வாங்குகிறோம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட சங்கதி ஒன்று இருக்கிறது. 2024 ஜூன் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை. லோணாவளாவில் புஷி அணைக்குப் பின்னால் இருக்கும் அருவியில் நின்ற புனே குடும்பம் ஒன்று வெள்ளத்தில் மாட்டி, ஒரு பெண்ணும் நாலு குழந்தைகளும் போய்விட்டார்கள். வீடியோவை எல்லாரும் பார்த்தோம், பதறினோம், ஃபார்வர்டு செய்தோம். அடுத்த மழைக்கு நம்ம அபார்ட்மென்ட் குரூப்பில் மறுபடியும் 'எந்த அருவி நல்லா இருக்கும்?'

சஹ்யாத்ரியில் நீங்கள் நிற்கும் இடத்தில் தூறலாக இருக்கும், மேலே பீடபூமியில் கொட்டித் தீர்க்கும். அந்தத் தண்ணீர் சில நிமிஷத்தில் ஓடையில் இறங்கிவிடும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால், பையைப் பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். காவிரியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தானாக வராது. ஒரு மழைக்காலம் விவரம் தெரிந்தவர்களோடு நடந்தால் வரும்.

"குரங்கணியில் கூட்டிப்போனதும் இந்த மாதிரி குழுதானே சார்?" நியாயமான கேள்வி, எங்கள் பக்கத்து வீட்டுத் தேனிக்காரர் கேட்டது. 2018 மார்ச் 11, காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் மழுப்பப் போவதில்லை. மார்ச் மாசம் காய்ந்த புல் மலையில் தீ வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்று யோசித்து வைக்காத தலைவர், கிளப் பேர் போட்ட டீஷர்ட் மாட்டியதால் தலைவர் ஆகிவிட மாட்டார். அதனால்தான் விசாரித்துச் சேருங்கள் என்கிறேன். எத்தனை பேருக்கு ஒரு தலைவர்? வனத்துறை அனுமதி வாங்கினீர்களா? போன மழையில் எத்தனை நடையை ரத்து செய்தீர்கள்? 'நாங்கள் ரத்து செய்வதே இல்லை' என்று பெருமையாகச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்கே யாராவது பாறையில் சிக்கினால் இறங்கித் தேடுபவர்களில் நிறைய பேர் இந்தக் கிளப் ஆட்கள். சம்பளம் கிடையாது. நம்ம வீட்டுப் பிள்ளையைத் தேடவும் அவர்கள்தான் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பேர் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் மொழி. பிள்ளைகள் ஸ்கூலில் இங்கிலீஷ், லிஃப்டில் இந்தி, வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். மராத்தி பரீட்சைக்கு மட்டும். ஏழு மணி நேரம் நடந்தால் எந்தக் குழந்தையும் பேசிவிடும். நம்மைத் தமிழர் என்று தெரிந்தால் காகாக்கள் முதலில் கேட்பது சென்னையை அல்ல, "ஜிஞ்சி பார்த்திருக்கிறாயா?" என்றுதான். நம்ம செஞ்சிதான்! 1677-இல் சிவாஜி பிடித்தது, பின்னால் ராஜாராம் அங்கே இருந்துகொண்டு வருஷக்கணக்காக மொகலாயர் முற்றுகையைத் தாங்கியது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 இங்கே, ஒன்று செஞ்சி. செஞ்சியைத் தாண்டிப் பாண்டிச்சேரிக்கு மட்டும் போய்ப் பழகிய நம்மில் எத்தனை பேரால் அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்ல முடியும்?

செலவைக் காரணம் காட்டாதீர்கள். எங்கள் கிளப்பின் வருஷச் சந்தா, நாலு பேர் சினிமாவுக்குப் போய் பாப்கார்ன் வாங்கும் காசுகூட இல்லை. தங்கமணி முதலில் கேட்டதும் செலவு இல்லை, பாத்ரூம். கிளப்பில் பெண்கள் நிறைய வருவதால் அதையெல்லாம் யோசித்துத்தான் திட்டம் போடுகிறார்கள். மே கடைசிக்குள் சேர்ந்தால் மழைக்கு முன் நாலு நடை பழகிவிடலாம். மதியச் சாப்பாடு மலையடி கிராமத்து வீட்டில் பிட்லாவும் பாக்ரியும் கிடைக்கும். தயிர்சாதம் கட்டுவதானால் கூடவே ரெண்டு டப்பா கட்டுங்கள், மாவடுவுக்குக் காகாக்கள் சண்டை போடுவார்கள்.