தையல் பீரியடில் குல்லா பின்னுவோம்

பத்தாம் வகுப்புக்கு வந்ததும், வாரத்தில் இருக்கும் ஒரே தையல் பீரியடையும் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழும். இவ்வாண்டும் எழுந்தது. "பின்னல் ஊசிக்குப் பொதுத் தேர்வில் மார்க் உண்டா?" என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் அந்தப் பீரியட் எங்களுக்கு வேண்டும். வேண்டும் என்பதோடு, அதில் பின்னும் பொருள் மாறவேண்டும் என்றும் எண்ணுகிறோம். இரண்டாவதைச் சொல்லச் சற்று அச்சமாகத்தான் இருக்கிறது. அருட்சகோதரிகள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறோம். சென்ற ஆண்டுக் கண்காட்சியில் நாங்கள் வைத்த மேசை விரிப்புகளில் பல, எங்கள் அம்மாமாரும் அத்தைமாரும் இரவில் கண்விழித்துப் பின்னியவை. கண்காட்சி முடிந்ததும் அவை டிரங்குப் பெட்டிக்குள் போயின. பரிசு பெற்ற ஸ்வெட்டரும் அங்கேதான் போயிற்று. இராயபுரத்து வெயிலில் ஸ்வெட்டரை யார் போடுவார்?

இந்த ஆண்டு சிஸ்டர் ஒரு புது ஊசியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு குட்டை ஊசிகள். அவற்றை இணைக்கும் வளையக்கூடிய நைலான் கயிறு. இதை வட்ட ஊசி என்கிறார்கள். நீள ஊசியில் ஒரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பி, மறுபக்கம் 'பர்ல்' போடவேண்டும். வட்ட ஊசியில் திருப்பவே வேண்டாம். முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் சேர்த்துவிட்டு, நல்ல பக்கத்தைப் பார்த்தபடியே 'நிட்' மட்டும் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போகலாம். முடிவில் கிடைப்பது தையலில்லாத ஒரு குழாய். அப்பாமார் போடும் திருப்பூர் பனியனின் இரு பக்கமும் தையல் இல்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே ஊசிகளை வட்டமாக அடுக்கிய இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது.

சேர்க்கும்போது கண்ணிகள் முறுக்கிக்கொள்ளக்கூடாது என்று சிஸ்டர் மூன்று முறை சொன்னார்கள். எங்களில் நால்வர் கேட்கவில்லை. பத்துச் சுற்றுப் பின்னிய பிறகே அது எட்டு என்ற எண்ணைப் போல் முறுக்கிக் கிடப்பது தெரிந்தது. அதற்கு மருந்தே இல்லை; முழுவதையும் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்தோம், அழவில்லை. (ஒருத்தி அழுதாள்.)

பின்னல் பெண்களின் வேலை என்பதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா எண்ணூர்க் கழிமுகத்தில் வீச்சுவலை போடுபவர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவியபோது அவருடைய வலை கறுத்து நாறிப் பாழாயிற்று. பிறகு வாசற்படியில் உட்கார்ந்து தாமே புது வலை பின்னினார். உச்சியில் சில கண்களோடு தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, இடையிடையே புதுக் கண்களைச் சேர்த்துக்கொண்டே போனார். வலை பாவாடைபோல் விரிந்தது. கடைசியில் ஓரம் முழுவதும் ஈயக் குண்டுகள் கட்டினார். நாங்கள் பின்னும் குல்லா இதற்கு நேர் எதிர். அகன்ற வாயில் தொடங்கி, கண்ணிகளை எட்டுப் பங்காக்கி, பங்குக்கு இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக் குறைத்து உச்சியில் முடிக்கவேண்டும். தாத்தா எங்கள் குல்லாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல முடிச்சே இல்லியேம்மா, ஒரு எடத்துல அறுந்தா எல்லாம் போயிடுமே" என்றார். உண்மைதான். வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சு; எங்களுடையது வெறும் கண்ணி. இராயப்பரின் பெயரால் வழங்கும் ஊரில் இருந்துகொண்டு வலைப்பின்னலை நாங்கள் இதுவரை ஒரு கலையாகவே எண்ணாதது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

தேவதாயும் வட்டமாகப் பின்னியிருக்கிறார்! ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் ஏறத்தாழ 1400ஆம் ஆண்டைச் சேர்ந்த பலிபீட ஓவியம் ஒன்று உள்ளது. மாஸ்டர் பெர்ட்ராமின் கைவண்ணம் என்பார்கள். அதில் மாதா பல ஊசிகளில் ஒரு சிறு சட்டையின் கழுத்துப் பகுதியைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கிறார். அருகே குழந்தை இயேசு. எதிரே பாடுகளின் சின்னங்களை ஏந்திய வானதூதர்கள். அருளப்பர் நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் வரும் தையலில்லா அங்கி நெய்தது, பின்னியதன்று. ஆனாலும் ஓவியரின் மனத்தில் அந்த அங்கிதான் இருந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சரி, வெயில் ஊரில் குல்லா யாருக்கு? குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு. அதன் உடம்புக்குத் தலை பெரிது. சூடு தலைவழியே வேகமாகப் போய்விடும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த எட்கார் ரே என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து வைக்கும் கங்காரு முறையைத் தொடங்கினார். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் அதைச் செய்கிறார்கள். அப்போது குழந்தைக்குத் தேவைப்படுபவை ஓர் அணையாடையும் ஒரு குல்லாவும்தான். அந்த மெல்லிய தோலில் தையல் உறுத்தக்கூடாது. வட்டப் பின்னலில் உறுத்தத் தையலே இல்லை. நம் இராயபுரத்திலேயே ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. எங்களில் எத்தனையோ பேர் பிறந்த இடம்.

நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவே 35 சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே 40 சென்டிமீட்டர் ஊசியில் அந்தக் குல்லா வராது, கண்ணிகள் இழுபடும். 80 சென்டிமீட்டர் ஊசியை எடுத்து, மிச்சக் கயிற்றை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னவேண்டும். அக்ரிலிக் கம்பளியை விட மிருதுவான பருத்தி நூல் நம் ஊருக்கு ஏற்றது. எங்களில் கைவேகம் உள்ளவர்கள் ஒரு குல்லாவை இரண்டு பீரியடில் முடித்துவிடுகிறார்கள். கணக்குக்கு அதனால் பெரிய நஷ்டம் வராது. கண்ணிகளை எட்டால் வகுக்கும்போது அங்கேயும் கணக்குத்தான் நடக்கிறது.

தையல் அறை அலமாரியில் 80 சென்டிமீட்டர் ஊசி ஆறுதான் இருக்கிறது; நாங்கள் நாற்பத்திரண்டு பேர். கண்காட்சி அலங்காரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் இன்னும் சில ஊசிகளும் பருத்தி நூலும் வாங்கித் தரும்படி தலைமைச் சகோதரியை வேண்டுகிறோம். குல்லாவை வாங்கிக்கொள்வார்களா, எந்த அளவில் வேண்டும், எப்படித் துவைத்துத் தரவேண்டும் என்று மருத்துவமனைச் செவிலியரிடம் கேட்டுவர, அரையாண்டுத் தேர்வு முடிந்த சனிக்கிழமை எங்களில் இருவரை சிஸ்டருடன் அனுப்ப அனுமதியும் வேண்டுகிறோம்.