வயசு மேல பழியைப் போடாதீங்க!

'முப்பது தாண்டியாச்சு, ரெண்டு குழந்தையும் பெத்தாச்சு. இனிமே உடம்பு போடத்தான் செய்யும்' என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்கிறோம். ஆனால், உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் 20 வயதிலிருந்து 60 வயது வரை அவ்வளவாக மாறுவதில்லை என்கிறது, 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு. 6,400-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்துச் சொன்னது இது.

மாறியது வயசு இல்லை, நம் பழக்கம்தான். அம்மி, ஆட்டுக்கல், துவைக்கிற கல் எல்லாம் போய் மெஷின்கள் வந்தது நல்லதுதான். மிச்சமான நேரம் சீரியலுக்கும் செல்போனுக்கும் அல்லவா போகிறது! போதாததற்கு, 'வீணாகுதே' என்று குழந்தை வைத்த மிச்சமும் நம் வயிற்றுக்குள்தான்.

'நாள் பூரா வீட்டு வேலை செய்யறேனே' என்பீர்கள். குனிந்து நிமிர்ந்து வேகமாக வீடு துடைத்தால் அது உடற்பயிற்சிக் கணக்கில் சேரும். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது சேராது. வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற உழைப்பும், இரண்டு நாள் தசைக்கு வேலையும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. மொட்டை மாடியில் நடக்கலாம். நாற்காலியில் இருபது தடவை உட்கார்ந்து எழலாம். தசை வலுவாக இருந்தால், சும்மா இருக்கும்போதும் உடம்பு கொஞ்சம் கூடுதலாகச் சக்தியைச் செலவழிக்கும். சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டையைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில் யாராவது 'காபி' என்று குரல் கொடுத்தால், 'அரை மணி பொறுங்க' என்று சொல்லப் பழகுங்கள். வீட்டில் எல்லோரையும் கவனிக்கிற நாம் படுத்துவிட்டால், நம்மைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

- ஓர் இல்லத்தரசி, கரூர்.