பெரட்டும் மங்கும் பாட்டில் வரலாமா?



தமிழில் பாட்டெழுதி, இசையமைத்து, சொந்தக் காசில் ஒலிப்பதிவு செய்யும் இளைஞர்கள் நம் கெடா மாநிலத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் என எங்கே போனாலும், வாடகை வீட்டின் பின்னறையில் கணினியும் ஒலிவாங்கியும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கண்விழிப்பவர்களைக் காணலாம். இவர்களோடு பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும். "பாட்டை அனுப்பினோம் சார், பதிலே இல்லை."

பதில் வந்தாலும் அது பெரும்பாலும் இரண்டே சொல்: 'தரம் போதவில்லை.'

எந்தத் தரம்? குரலா, சுருதியா, ஒலிப்பதிவா, சொல்லா, உச்சரிப்பா? ஒன்றும் தெரியாது. நான் ஆசிரியன் என்பதால் கேட்கிறேன். ஒரு மாணவனின் கட்டுரைக்கு வெறும் மதிப்பெண்ணை மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அவன் எதைத் திருத்துவான்? எந்த வரியில் ஒற்று மிகவில்லை, எந்தப் பத்தியில் கருத்து தடம் மாறியது என்று சிவப்பு மையில் காட்டினால்தானே அது திருத்தம்!

என் முன்னாள் மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்வெட்டியவர்கள். இப்போது அவர் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வேலை முடிந்த நேரத்தில் பாட்டு. சென்ற ஆண்டு தம் தாத்தாவைப் பற்றி ஒரு பாட்டு செய்தார். விடியுமுன் பெரட்டுக்கு ஓடுவது, கித்தா மரத்தில் மங்கு கட்டுவது, காண்டா வாளியில் பால் சுமப்பது, ஒட்டுப்பால் நாற்றம் சட்டையை விட்டுப் போகாதது எல்லாம் அதில் வந்தன. அதை ஒரு வானொலி நிலையத்துக்கு அனுப்பினார். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டா. இவருக்கு மட்டும் விரிவான பதில் கிடைத்தது. 'பெரட்டு, மங்கு, கித்தா போன்ற சொற்கள் நேயர்களுக்குப் புரியா. பொதுவான தமிழில் மாற்றி அனுப்புங்கள். மெட்டும் இப்போது வரும் சினிமாப் பாட்டுகளைப் போல் இல்லை' என்பது அதன் சாரம்.

பதிலே வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது எனக்கு. சென்னை வட்டார வழக்கில் வரும் கானாப் பாடல் நமக்குப் புரிகிறது. மதுரைத் தமிழ் புரிகிறது. ஆங்கிலமும் தமிழும் கலந்த குத்துப்பாட்டு மூன்று வயதுப் பிள்ளைக்கும் மனப்பாடம். நம் பாட்டனும் பாட்டியும் மூன்று தலைமுறையாகப் புழங்கிய சொல் மட்டும் நமக்குப் புரியாதாம்!

வாசற்காவல் புதிதன்று. இந்தியாவில் 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்கள் தரங்குறைந்தவை என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவை குறைந்து குறைந்து ஏறக்குறைய இல்லாமலே போயின. நேயர்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டனர். 1957-இல் விவித் பாரதி தொடங்கிய பின்னரே திரைப்பாட்டு இந்திய அரசு வானொலிக்குள் மீண்டும் தாராளமாக நுழைந்தது. இன்று எதை அளவுகோலாக வைத்து நம் இளைஞர்களின் பாட்டை அளக்கிறார்களோ, அந்தத் திரைப்பாட்டே ஒரு காலத்தில் 'தரம் போதவில்லை' என்று வெளியே நிறுத்தப்பட்டதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். பினாங்கில் தோன்றிய 'அலிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகமும் 2007-இல் மறைந்த லோகநாதனும் நம்மவர்கள். நாடு முழுவதும் கொண்டாடியது அவர்களுடைய மலாய்ப் பாடல்களை. தமிழில் மட்டும் பாடியிருந்தால் அதே மேடை கிடைத்திருக்குமா? விடை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். 'போயட்டிக் அம்மோ' 1998-இல் வெளியிட்ட முதல் தொகுப்பு பல மொழிகளைக் கலந்து வந்தது. அக்குழுவில் இருந்த யோகி பி, 'நட்சத்ரா'வோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது முழுக்கத் தமிழில் ஒரு சொல்லிசைத் தொகுப்பு கடல் கடந்து பேசப்பட்டது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அதில் எந்தப் பாட்டு பெரிய வாசலைத் திறந்தது? 'மடை திறந்து'. 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டின் மறுவடிவம் அது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர்கள் குரல் கேட்டது. 2017-இல் 'விவேகம்' படத்திலும் யோகி பி பாடினார். அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சினிமா என்ற சாவியைக் கையில் வைத்திருந்தவருக்கே கதவு திறந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

கதவு திறந்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. தமிழ்நாட்டில் 2021 மார்ச்சில் 'மாஜா' வெளியிட்ட 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை நாமெல்லாம் கேட்டோம். தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அந்தப் பாட்டை எடுத்தார். சினிமாவின் துணையின்றி உலகெங்கும் போன தோட்டத்துப் பாட்டு! ஆனால் அதே ஆண்டு 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயைப் போட்டபோது அறிவு இல்லை. 2022-இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற பிணக்கு எல்லாரும் பார்க்க வெளியே வந்தது. 2024-இல் சந்தோஷ் நாராயணனே, அப்பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று காணொளியில் முறையிட்டார். அவ்வளவு பெரிய பெயர்களுக்கே இந்தக் கதி என்றால் பீடோங் இளைஞர் எம்மாத்திரம்? பாட்டெழுதும் பிள்ளைகள் முதலில் யார் எழுதியது, யார் மெட்டமைத்தது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைத்தொகையைப் பெற்றுத் தரும் எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு நம் நாட்டில் 1989 முதல் இருக்கிறது. அதைக் கேள்விப்படாமலே பாட்டு வெளியிடுவோரைப் பார்க்கிறேன்.

இப்படிச் சொல்வதால் வானொலிக்காரர்கள் யாரும் எதையும் தடுக்கவே கூடாது என்று நான் வாதிடுவதாக நினைத்துவிட வேண்டா. மொழி ஆசிரியனுக்குக் காது வலிக்கும். 'பழம்' 'பலம்' ஆவதையும் 'உள்ளம்' 'உல்லம்' ஆவதையும் தாராளமாகத் தடுக்கட்டும். அருவருப்பான சொற்களைத் தடுக்கட்டும். அந்த இடத்தைச் சுட்டிக் காட்டித் தடுக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் இளைஞர்களிடமும் ஒரு குறை உண்டு. 'இரண்டாம் சரணத்தில் மேளச் சத்தத்துக்குள் குரல் மூழ்கிப் போகிறது தம்பி' என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. 'சூப்பர் மச்சான்' என்று சொல்கிறவனே நண்பன், குறை சொல்கிறவன் பொறாமைக்காரன்! அந்தப் பாராட்டால் எந்தப் பாட்டும் ஓர் அங்குலம்கூட உயர்ந்ததில்லை.

உருமி மேளக் குழுவினரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தைப்பூசத்தின்போது சினிமா மெட்டு வாசிக்கக் கூடாது என்ற அறிவுறுத்தல் அவர்களுக்குத் தவறாமல் வருகிறது. எனக்கும் அதில் உடன்பாடே. ஆனால் அதற்குப் பதிலாக அவர்கள் வாசிக்கப் புதிய காவடிப் பாட்டை எழுதிக் கொடுப்பவர் யார்?

இனி நம் வீட்டுக்குள் பார்ப்போம். வானொலியைக் குறைகூறும் நாம், நம் பள்ளி மண்டபத்தில் என்ன ஒலிக்கவிடுகிறோம்? பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, ஒளிவிழா, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை. எதை எடுத்தாலும் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம். அதுவும் அந்த ஆண்டு வந்த படத்தின் பாட்டாக இருக்க வேண்டும். உள்நாட்டுப் பாட்டு ஒன்றை வைக்கலாமே என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோது, "பிள்ளைகள் ஆடமாட்டார்கள் சார், கூட்டமும் ரசிக்காது" என்றார் ஒரு தந்தை. நல்ல மனிதர், பள்ளிக்கு எவ்வளவோ செய்பவர். ஆனால் வானொலி நிலையம் சொன்னதும் அதையேதானே? பிள்ளை முதன்முதலாகப் பாட்டுக்குக் கைதட்டக் கற்கும் இடம் நம் மண்டபம். ஆறாண்டுகள் அங்கே சென்னைப் பாட்டை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, இருபது வயதில் உள்நாட்டுப் பாட்டைத் தேடிக் கேட்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? வானொலி நிலையத்தாரும் அந்தப் பிள்ளையைக் காட்டித்தான் 'நேயர் விருப்பம்' என்கிறார்கள்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு விழாவுக்கு ஒரு பாட்டு. ஒலிக்குமுன் எழுதியவர், இசையமைத்தவர், ஊர் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் ஒரு மாணவர் வாசிக்கட்டும். முடிந்தால் அவரையே அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்போம். தலைமையாசிரியர்கள் மனம் வைத்தால் அடுத்த விழாவிலேயே இதைத் தொடங்கிவிடலாம்; செலவும் ஒன்றுமில்லை.

என் மாணவரின் பாட்டை எங்கள் பள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறது. மே 16 ஆசிரியர் தின விழாவில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள். வரிகளைப் பார்த்துக் கொடுக்கும்படி அவர் கேட்டார். மூன்று இடங்களில் குறி போட்டேன். இரண்டைத் திருத்தினார், மூன்றாவது தம் தாத்தா பேசிய மாதிரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பெரட்டு, மங்கு, கித்தா எதுவும் மாறவில்லை. முதல் நாள் ஒத்திகையில் பெரட்டு என்றால் என்னவென்று கேட்ட பிள்ளைகளை, வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.