காதுவலிக்கு எதுக்குங்க டபுள் மருந்து?

மக்களே, கொஞ்சம் காட்டமான பதிவு. பொறுத்துக்கோங்க.

போன வாரம் என் மூணு வயசுப் பொண்ணுக்கு சளியோட காதுவலி, லேசான காய்ச்சல். டாக்டர் காதுக்குள்ள எட்டிக்கூடப் பார்க்கலை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சிரப் எழுதிட்டார். மூணாம் நாள் வயித்துப்போக்கு. ராத்திரி பூரா பாத்ரூமுக்கு நடை!

கிளாவுலனேட் தானா கிருமியைக் கொல்ற சரக்கு இல்லை. ஹீமோபிலஸ் மாதிரி சில கிருமிங்க ஒரு நொதியை விட்டு அமாக்சிசிலினை உடைச்சுடும். அந்த நொதியை முடக்கறதுதான் இதோட வேலை. காதுத்தொற்றுக்கு இன்னொரு முக்கிய காரணமான நிமோகாக்கஸ்கிட்ட அந்த நொதியே கிடையாது. அங்க இது தண்டம். வயித்துப்போக்கு மட்டும் போனஸ்.

அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2013லயே சொல்லியாச்சு: முதல்ல வெறும் அமாக்சிசிலின். 30 நாளுக்குள்ள அதைச் சாப்பிட்டிருந்தாலோ, கூடவே கண்ணுல பீளை தள்ளினாலோ, 2-3 நாள்ல கேக்கலைன்னாலோதான் கூட்டு மருந்து. ரெண்டு வயசு தாண்டின பிள்ளைக்கு லேசான வலின்னா, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துட்டு டாக்டர் கண்காணிப்புல 2-3 நாள் பொறுத்தும் பார்க்கலாம்.

டாக்டரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. 'ஸ்ட்ராங்கா எழுதுங்க சார்'னு நச்சரிக்கிறது யாரு? நாமதான். நானும்தான். அடுத்த தடவை, 'காதுக்குள்ள பார்த்தீங்களா, வெறும் அமாக்சிசிலின் போதாதா?'ன்னு வாயைத் திறந்து கேளுங்க.

டிஸ்கி: எழுதிக் கொடுத்த மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. காதுல சீழ், கடும் காய்ச்சல்னா உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. திட்ட நினைக்கிறவங்க பின்னூட்டத்துல வரிசையா வரவும்.