மணிக்கு எத்தனை தோட்டா?

அமெரிக்காவில் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டு கராஜிலேயே மறுபடி தோட்டாவாக்குவது பழைய பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் லைசென்ஸ் கூடக் கிடையாது, செய்து விற்றால்தான் வேண்டும். சாதா பிரஸ்ஸில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை. புரோகிரசிவ் பிரஸ்ஸிலோ வட்டத்தட்டில் நாலைந்து கூடுகள் வரிசையாக நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒன்றில் பழைய பிரைமர் கழலும், அடுத்ததில் மருந்து விழும், இன்னொன்றில் குண்டு உட்காரும், கடைசியில் முழுத் தோட்டா ஒன்று டப்பாவில் விழும்.

இதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "மணிக்கு எத்தனை?" விளம்பரமும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறது. சுத்த ஜல்லி! பிரைமர் குழாயில் 100 தான் பிடிக்கும். நூறுக்கு ஒருமுறை நிறுத்தி நிரப்புகிற நேரம் எந்தக் கணக்கில் சேர்த்தி?

எண்ண வேண்டியது தோட்டாவை அல்ல, தட்டுக்கு மேலே உள்ள ஸ்டேஷன்களை.

ஏன் என்றால், ஆபத்து முழுவதும் மருந்தில் இருக்கிறது. பிஸ்டலுக்குப் போடும் வேகமான மருந்துகள் பல கூட்டில் பாதி கூட நிறைவதில்லை. அதனால் தவறிப்போய் இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது, யாருக்கும் தெரியாது. கருமருந்து காலத்தில் பிறந்த .38 ஸ்பெஷலின் நீளக் கூட்டில் கேட்கவே வேண்டாம். மருந்தே விழாவிட்டால் பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி குழலுக்குள் சிக்க வைக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். போவது கையோ கண்ணோ.

"புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு டில்லன் 550 தான், தட்டை கையால் சுற்றுவதால் பாதுகாப்பு" என்று ஒரு கோஷ்டி வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. மெதுவானது என்பது சரி. பாதுகாப்பானது என்பது எப்படி? நடுவில் போன் அடிக்கிறது, திரும்பி வந்தவர் தட்டைச் சுற்றினோமா இல்லையா என்று யோசிக்கிறார்... சுற்றாமல் இழுத்தால் அதே கூட்டில் இரட்டை மருந்து. அதில் இருப்பது நாலே ஸ்டேஷன், நாலுக்கும் வேலை உண்டு. குண்டை உட்கார்த்துவதையும் வாயை இறுக்குவதையும் ஒரே டையில் முடித்து இடம் பண்ணலாம் தான், ஆனால் அந்த செட்டிங் புதியவருக்கு ஒரு தலைவலி.

ஹார்னடி லாக்-என்-லோட் ஏ.பி., டில்லன் 650, 2019-ல் அதன் இடத்துக்கு வந்த 750 இவற்றில் ஐந்து ஸ்டேஷன், தட்டும் தானே சுற்றும். மருந்து அளவு மாறினால் பஸ்ஸர் அடிக்கும் பவுடர் செக்கை அங்கே மாட்டலாம். அதற்காக இவை அப்பாவிகள் இல்லை. நடுவில் சிக்கினால் ஊகம் பண்ணாமல் எல்லாக் கூட்டையும் எடுத்துக் கொட்டிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

வருடத்துக்கு ஐம்பது ரைபிள் தோட்டா சுடும் வேட்டைக்காரருக்கு இது எதுவுமே வேண்டாம். சாதா பிரஸ், மரக்கட்டையில் ஐம்பது கூடு, மேலிருந்து டார்ச் அடித்து ஒரு பார்வை. வாராவாரம் நூற்றுக்கணக்கில் சுடும் போட்டிக்காரர்களுக்குத்தான் புரோகிரசிவ். அவர்களிலும் பலர் கூடுகளை மோட்டார் வைத்துக் கொட்டும் கேஸ் ஃபீடரை முதல் நாளே வாங்கிவிட்டு, அதைவிட எவ்வளவோ விலை குறைந்த பஸ்ஸரை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளி வைக்கிறார்கள்.