கடைசியில அவன் சொன்னானா?

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் கல்வராயன் மலை ஏற ஆரம்பித்ததும் என் செல்போன் மயக்கம் போட்டுவிடும். ஒரு வளைவில் கண் விழிக்கும். அடுத்த வளைவில் மறுபடி படுத்துக்கொள்ளும். வெள்ளிமலை போய்ச் சேரும் வரை மனுஷனுக்கு இரண்டே வழி. ஒன்று, பக்கத்து ஸீட்காரர் தோளில் சாய்ந்து தூங்குவது. இன்னொன்று, படிப்பது. என் பக்கத்து ஸீட்டில் வழக்கமாக உட்காருபவர் எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க். அவர் தோளில் தூங்கினால் லீவு கேட்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்வார். ஆகவே படிக்கிறேன்.

என் படிப்பு ரொம்ப நாளாக க்ரைம்தான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை எந்த மீட்டிங் என்றாலும் விழுப்புரத்துக்கு ஓட வேண்டும். போகும்போது ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா. வரும்போது பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்தைப் படித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பஸ்ஸுக்குள் ஒரு நோட்டம் விடாத வாலிபன் எங்கள் தலைமுறையில் உண்டா, சொல்லுங்கள்! ஒரு தடவை சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தியில் மூழ்கி, கள்ளக்குறிச்சியில் இறங்க மறந்து, சின்னசேலம் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். கண்டக்டர் மிச்ச தூரத்துக்கும் டிக்கெட் கிழித்தார். கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டதால் எனக்கு வருத்தமில்லை.

இப்படிப்பட்ட ஆசாமியின் பையில் போன மாசம் ஒரு நாள் ரமணிசந்திரன் இருந்தார்!

சத்தியமாக நான் வைக்கவில்லை. டிபன் பாக்ஸ் வைக்கும்போது மனைவி அவசரத்தில் தன் புத்தகத்தை என் பையில் போட்டுவிட்டாள். என் க்ரைம் நாவல் வீட்டிலேயே தங்கிவிட்டது. பஸ்ஸோ மலை ஏறிவிட்டது. அட்டையில் ஒரு பெண் பூங்கொத்தோடு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹெட்கிளார்க் என்னைப் பார்க்கிறார். அன்றைய தினசரியை எடுத்து அட்டை போட்டேன். ராசிபலன் பக்கம் வெளியே வந்தது. 'வீண் பழி வந்து நீங்கும்' என்று என் ராசிக்குப் போட்டிருந்தது.

* * *

படித்துப் பார்த்ததில் என் அபிப்பிராயம் இதுதான்.

ரமணிசந்திரனின் கதாநாயகனுக்கு உயரம் உண்டு, வசதி உண்டு, நெற்றியில் சுருக்கம் உண்டு. வாய் மட்டும் கிடையாது. கதாநாயகியைத் தப்பாக நினைத்துக்கொள்வான். ஏன் அப்படி நினைக்கிறான் என்று அவளிடம் சொல்லமாட்டான். அவளும் ரோஷக்காரி, கேட்கமாட்டாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பக்கம் பக்கமாகத் தவிப்பார்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் நாவல் முப்பதாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும்.

இதை ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன். அட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஒரு நண்பர் படித்த நாவல் என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி, "நம்ம வீட்லயும் அதான் சார் நடக்குது. இருபத்திரண்டு வருஷமா" என்றார். "இன்னும் முப்பதாம் பக்கமே வரல."

* * *

பிழையாக வந்த அந்தப் புத்தகம் என் அம்மாவை ஞாபகப்படுத்திவிட்டது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மத்தியானம் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரிப்பாள். அக்கா எதிரே உட்கார்ந்து தொடர்கதையை வாசிப்பாள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்த லக்ஷ்மி கதைகள், சிவசங்கரி கதைகள். கதாநாயகி கண்கலங்கும் பக்கத்தின் பின்புறம் பல்பொடி விளம்பரம் இருக்கும். அக்கா அதையும் சேர்த்து வாசித்துவிட்டுத்தான் அடுத்த அத்தியாயம் போவாள்.

கதை முடிந்ததும் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்பாள். எந்தக் கதைக்கும் அதே கேள்வி.

"கடைசில அவன் அவகிட்ட வாயத் தொறந்து சொன்னானா?"

சொன்னான் என்றால் நல்ல கதை. சொல்லவில்லை என்றால், "என்னா கதை எழுதறாங்க போ" என்று முறத்தைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். பத்திரிகை விமரிசகர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அம்மாவை நாங்கள் கேலி செய்ததுண்டு. பிறகுதான் வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் படித்தேன். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயசில் கல்யாணம். எழுதப் பழகாத காலத்திலேயே ஒரு நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். அப்படி ஆரம்பித்தவர் 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதி முடித்தார். ஆக, தமிழில் பெண்களின் நாவல் என்ற பெரிய பயிருக்கு விதை விழுந்ததில், ஒருத்தி சொல்ல இன்னொருத்தி எழுதிய அந்த வேளைக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருத்தி வாசிக்க இன்னொருத்தி கேட்டாள். பெரிய வித்தியாசமில்லை. கடலைதான் கூடுதல்.

* * *

அம்மாவின் கேள்வியை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் என் க்ரைம் நாவல்களை ஒரு பரீட்சை செய்தேன். ஆச்சரியம், எல்லாம் பாஸ்!

யோசித்துப் பாருங்கள். துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கிறது? எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்று துப்பறிகிறவர் ஒன்றுவிடாமல் சொல்கிறார். கொலையாளியும் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, நான்தான்" என்கிறான். காதல் கதையின் கடைசி அத்தியாயத்தில்? கணவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரால், எப்போது, எதற்காகச் சந்தேகப்பட்டேன் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறான். "ஆமா, தப்பு என்மேலதான்" என்கிறான். விலங்கு மாட்டுவதற்குப் பதில் அணைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நான் க்ரைம் படித்ததும் என் மனைவி ரமணிசந்திரன் படித்ததும் ஒரே காரணத்துக்காகத்தான். எவனாவது ஒருத்தன் கடைசியில் உண்மையை ஒப்புக்கொள்வான் என்பதற்காக.

ஒரே ஒரு புத்தகம் தகராறு செய்தது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. கணேஷும் வசந்தும் வந்தும், நடந்தது விஞ்ஞானமா பேயா என்று ஓங்கி அடித்துத் தீர்ப்புச் சொல்லாமல் வாசகன் தலையில் கட்டிவிட்டுப் போவார் மனுஷர். மூணாவது தடவையாகப் படித்தேன். ராத்திரி வெள்ளிமலையிலிருந்து திரும்புகிற கடைசி பஸ்ஸில் அதைப் படிக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான சிபாரிசு. பஸ்ஸில் விளக்கை வேறு அணைத்துவிடுகிறார்கள். அம்மாவாக இருந்தால் சுஜாதாவுக்கு மார்க் போட்டிருக்கமாட்டாள். நான் போடுவேன். சில விஷயங்களைச் சொல்லாமல் விடுவதற்கும் தைரியம் வேண்டும். ஆனால் அது எழுத்தாளனுக்கு. புருஷனுக்கு இல்லை.

* * *

மனைவியின் அலமாரியிலிருந்து மூன்றாவதாக எடுத்தது சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை'. இந்தத் தடவை தெரிந்தே எடுத்தேன். அட்டையும் போடவில்லை.

எண்பதுகளில் ரகுவரன் நடித்து டி.வி.யில் வந்ததே, அதே தியாகுவின் கதை. குடி ஒரு மனுஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிற கதை. சின்ன வயசில் டி.வி.யில் பார்த்தபோது ரகுவரனைத்தான் பார்த்தேன். இப்போது படிக்கும்போது வீட்டிலிருக்கிறவர்களைப் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு இந்தப் புத்தகத்தை மற்ற ஊர்க்காரர்கள் மாதிரி படிக்க முடியாது. 2024 ஜூன் மாசம் இங்கே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். செத்தவர்களில் பெண்களும் உண்டு. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல். ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த பெண்களின் முகத்தை இந்த ஊர்க்காரன் எவனும் மறக்கமாட்டான். பேப்பர்களில் எண்ணிக்கை வந்தது, நஷ்ட ஈடு வந்தது, கேஸ் வந்தது. அந்த ஜூன் மாசத்துக்கு முந்தின சாயங்காலங்கள் வரவில்லை. 'இன்னியோட விட்டுடறேன்' என்று சொன்ன சாயங்காலங்கள், அடுக்குப்பானையில் ஒளித்து வைத்த காசு காணாமல் போன சாயங்காலங்கள். அதெல்லாம் செய்தியில் வராது. கதைக்குள்தான் வரும். 'லேடீஸ் நாவல்' என்று நாம் ஒதுக்கிவைத்த கதைக்குள்.

புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளிமலையில் இறங்கினேன். கீழே கள்ளக்குறிச்சிக்குப் போக மூட்டையோடு காத்திருந்த ஒரு மலைக்கிராமத்து அம்மா என் கையைப் பார்த்தார்.

"கதை பொஸ்தகமா சார்?"

"ஆமாம்மா."

"யாரு கதை?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ராஜம் கிருஷ்ணன் நீலகிரியின் படுகர்களைப் பற்றி எழுதினார், உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி எழுதத் தூத்துக்குடிக்குப் போனார். 'குறிஞ்சித்தேன்', 'கரிப்பு மணிகள்' என்று இரண்டு நாவல்கள் கிடைத்தன. மூட்டையோடு நிற்கிற இந்த அம்மாவின் கதையை எழுத யாராவது ஒரு பெண் இந்த பஸ்ஸில் ஏற வேண்டும். ஏறினால் என் ஜன்னலோர ஸீட்டை விட்டுத் தருகிறேன். ஹெட்கிளார்க் தோளையும்.

* * *

இப்போது என் குட்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. அவன் தவணை கட்டாமல் வேறு ஊருக்குப் போய்விட்டான். ஆறு மாசமாக என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். "இன்கம்டாக்ஸ்ல கொஞ்சம் கூடப் பிடிக்கிறாங்க" என்று வீட்டில் ஒரு கதை சொல்லிவைத்திருந்தேன். வந்த நோட்டீஸை ஒளிக்க உலகத்திலேயே பத்திரமான இடமாகப் பார்த்து, ஒரு க்ரைம் நாவலுக்குள் அடையாளத் தாளாகச் செருகியிருந்தேன். மனைவி க்ரைம் தொடமாட்டாள் என்பது என் திடமான நம்பிக்கை.

சிவசங்கரியை முடித்த அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தேன். ரமணிசந்திரனின் கதாநாயகன் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டேன். உயரமும் வசதியும்தான் இல்லை.

"ஏம்மா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

யார், எப்போது, எதற்காக என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆமாம், தப்பு என்மேல்தான் என்றும் சொன்னேன். அவள் தட்டுகளை அடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அதிர்ச்சி இல்லை, அழுகை இல்லை, திகைப்பு இல்லை. எனக்குத்தான் ஏமாற்றமாகப் போய்விட்டது.

"என்னம்மா, ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறே?"

"நோட்டீஸ அப்பவே பாத்துட்டேங்க. நூத்திப் பன்னண்டாம் பக்கத்துல இருந்துச்சு."

"நீதான் க்ரைம் நாவல் படிக்கமாட்டியே!"

"நீங்கதான் ரமணிசந்திரன் படிக்கமாட்டீங்க. நான் எல்லாம் படிப்பேன்."

கொஞ்சம் நேரம் அசடு வழிந்துவிட்டுக் கேட்டேன். "அப்ப ஏன் இத்தனை நாளா கேக்கல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்களா சொல்றீங்களா இல்லையான்னு பாத்துட்டிருந்தேன். அன்னிக்கு அந்த பொஸ்தகத்த உங்க பையில நானாத்தான் வெச்சேன்."