தாங்குதலின் விலை

கரிசல் மக்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர்களுடைய தாங்கும் வலிமையைப் புகழ்கிறோம். வெயிலையும் உவர்நீரையும் தாங்குகிறவர்கள் என்று எழுதிவிட்டால் நமக்கு மனநிறைவு. அந்தத் தாங்குதல் உடலுக்குள் எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் இலக்கிய வாசகர் அறிய வேண்டும்.

இரத்தத்தின் கரைபொருள் செறிவு ஏறத்தாழ 290 மில்லியாஸ்மோல். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்தின் உட்பகுதியில் அது 1200 வரை உயர்கிறது. அங்குள்ள உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேற, அவை சுருங்குகின்றன; உடனே உப்பு அயனிகளை உள்ளிழுத்துப் பருமனை மீட்கின்றன. ஆனால் உள்ளே உப்பு மிகுந்தால் புரதங்கள் சிதையும். எனவே அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் சார்பிட்டால், பீட்டெய்ன், இனோசிட்டால் முதலிய தீங்கற்ற பொருட்களைச் சேர்த்துக்கொண்டு அந்த உப்பைக் குறைக்கின்றன. இம்மாற்றத்தை முடுக்கும் புரதம் 1999இல் அடையாளம் காணப்பட்டது.

வியக்கத்தக்க ஏற்பாடுதான்; எல்லையற்றது அன்று. நிகராகுவா, எல் சால்வடோர் நாடுகளில் கடும் வெயிலில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் பலர் சிறுநீரகத்தை இழந்திருக்கிறார்கள். வெப்பமும் மீண்டும் மீண்டும் நேரும் நீரிழப்பும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே தூத்துக்குடி உப்பளங்கள். அம்மக்களின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் பதிவுசெய்தார். கழிப்பிடம் இல்லாத பாத்திகளில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு உழைப்பதைத் தியாகம் என்று நாம் வருணிக்கலாகாது. நிழல், நல்ல குடிநீர், ஓய்வு, கழிப்பிடம் ஆகியவை அவர்களின் உரிமை. அவற்றைக் கேட்காமல் தாங்கும் வலிமையை மட்டும் பாடும் எழுத்து, உப்பள முதலாளிக்கே துணைபோகும்.